பில் இல்லாத டைனோசர்

ஷீபாவுக்குப் பிள்ளைகளிடம் பொய் சொல்ல வராது. அப்படித்தான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "கீதுன்னா கீதும்பேன், இல்லன்னா இல்லம்பேன். நாளைக்கு வாங்கித் தரேன், நாளன்னிக்கு வாங்கித் தரேன்ற கதையே நம்மகிட்ட கெடையாது" என்று ஷூ கம்பெனி பஸ்ஸில் மானாம்பதியிலிருந்து போகும்போதும் சொல்வாள், திரும்பி வரும்போதும் சொல்வாள். பக்கத்து சீட் சசிரேகாவுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

'நாளைக்கு வாங்கித் தரேன்' என்கிற ஆள் அவள் புருஷன் ஜான்சன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். எழுபத்தைந்து கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு விசிலடித்தபடி நடப்பான். பெற்ற பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் மட்டும் ஆள் அப்படியே சரிந்துவிடுவான். போன வருஷம் மாமல்லபுரம் போனபோது பிள்ளைகள் கை காட்டியதையெல்லாம் வாங்கித் தள்ளினான். சிப்பி விளக்கு, கூலிங் கிளாஸ், ஒரு பைனாகுலர். பைனாகுலர் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் கண்ணாடி கழன்று விழுந்தது. அந்த மாசம் கேஸ் சிலிண்டருக்குக் காசில்லாமல் ஷீபா விறகு பொறுக்கி ஊதிக்கொண்டிருந்தாள். அவனை அவள் திட்டிய திட்டு இப்போதும் அந்தத் தெருவுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆகவே இந்த வருஷம் போனஸ் வந்து, சென்னை ரோட்டில் இருக்கும் தீம் பார்க்குக்குப் போவது என்று முடிவானதும் ஷீபா முதலில் சட்டம் போட்டாள். "ஆளுக்கு இருநூறு ரூபா. அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது. கடையில நின்னு அழுதீங்க, அங்கியே வுட்டுட்டு வந்துடுவேன்."

பதினொரு வயது ஜெனிஃபர் தலையாட்டினாள். ஆறு வயது தானியேல், "இருநூறுக்கு டைனோசர் வருமா?" என்று கேட்டான்.

வராது. அங்கேதான் சிக்கல். சசிரேகா போன மாசம்தான் அந்தப் பார்க்குக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே இருக்கும் பொம்மைக் கடையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். பட்டனை அமுக்கினால் உறுமும் பச்சை டைனோசர் ஐந்நூற்று ஐம்பது. லைட் எரியும் பட்டாம்பூச்சி ஹேர்பேண்ட் நானூறு. போட்டோவைப் பார்த்த ஷீபாவுக்கு வயிறு எரிந்தது. இதே டைனோசர், இதே பட்டாம்பூச்சி வாலாஜாபாத் பஜாரில் சுப்பிரமணி ஃபேன்சி ஸ்டோரில் தொங்கிக்கொண்டிருப்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்!

அந்தச் சனிக்கிழமையே போனாள். அரை மணி நேரம் பேரம் பேசி, டைனோசர் எழுபது, பட்டாம்பூச்சி அறுபது என்று இரண்டையும் நூற்று முப்பதுக்கு முடித்து, போனில் காசு அனுப்பிவிட்டு வந்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். ஜான்சனிடம் மூச்சு விடவில்லை. அவன் வாயில் ரகசியம் தங்காது. பார்க்கில் கொண்டுபோய், அங்கே வாங்கியது மாதிரி கொடுத்துவிட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கும் சந்தோஷம், கையையும் கடிக்காது. இது பொய்யில் சேர்த்தியா? சேர்த்தி இல்லை என்று அவளே கேள்வி கேட்டு அவளே தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை பார்க் வாசலில் பையைச் சோதித்த பெண் தீனிப் பண்டத்தைத்தான் தேடினாள். முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மாற்றுத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த டைனோசரை விட்டுவிட்டாள். பகலெல்லாம் தண்ணீரில் ஊறினார்கள். ராட்டினத்தில் ஜான்சன் போட்ட கூச்சலில் பிள்ளைகளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று மணிக்கு ஷீபா எழுந்தாள். "நீங்க இங்கியே குந்திகினு இருங்க. கடையில கூட்டமா கீது. நான் போயி உங்களுக்கு வாங்கிகினு வரேன்." கடைக்குள் போய், ஒரு மூலையில் தொங்கிய டீ-ஷர்ட்டுகளுக்குப் பின்னால் நின்று, பைக்குள் கைவிட்டுத் துணியைப் பிரித்து, பத்து நிமிஷம் கழித்துக் கையில் டைனோசரும் பட்டாம்பூச்சியுமாக வெளியே வந்தாள். தானியேல் அடித்த கூச்சலில் பக்கத்து பெஞ்சுக்காரர் ஐஸ்கிரீமைக் கீழே போட்டார். ஜெனிஃபர் ஹேர்பேண்டைத் தலையில் மாட்டி, போன் கேமராவில் தன்னையே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று ஷீபாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தப் பார்க்கைக் கட்டிய புண்ணியவான் வெளியே போகும் வழியை அதே கடைக்குள் வைத்திருந்தான். ஐந்து மணிக்கு நான்கு பேரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைக்குள் நுழைந்தார்கள். ஜெனிஃபர் சட்டென்று நின்றாள். எதிரே வரிசையாகப் பட்டாம்பூச்சிகள். கீழே விலைச் சீட்டு.

"அம்மா! நானூறு போட்டு கீது!"

"உம். நட நட."

"தம்பியோடது ஐந்நூத்தி அம்பதுமா. ஆளுக்கு இருநூறுதான்னு சொன்ன?" ஜெனிஃபரின் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்காக அத்தினி காசு குடுத்தியாம்மா?"

சொல்லிவிட்டு அத்தனை கூட்டத்திலும் அம்மாவை எக்கிப் பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். கறாரான பெண் அவள். வீட்டில்கூட அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை. ஷீபாவுக்கு முத்தம் விழுந்த இடம் சுட்டது. நானூறு ரூபாய் முத்தத்தை அறுபது ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோமே என்று கூசிப்போனாள். சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் தானியேல் பட்டனை அமுக்கிவிட்டான். டைனோசர் கடையே அதிரும்படி உறுமியது.

வாசலில் நின்ற செக்யூரிட்டி பெண் திரும்பிப் பார்த்தாள். "தம்பி கையில கீறதுக்கு பில் காட்டுங்க."

"பில்லா?" என்றாள் ஷீபா. "எங்கியோ தொலஞ்சி போச்சிங்க."

கூட்டம் நகராமல் நின்றது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். "எத்தினி மணிக்கு வாங்கனீங்க? கம்ப்யூட்டர்ல இருக்கும், எடுத்துடலாம்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஷீபா திருதிருவென்று விழித்தாள். அம்மா தடுமாறுவதைப் பார்த்த ஜெனிஃபருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் வந்து நின்றாள்.

"சார், எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க. மூணு மணிக்கு இந்தக் கடையிலதான் வாங்கனாங்க. நான் பாத்தேன். உள்ள போவும்போது கையில ஒண்ணுமே இல்ல. வெளிய வரும்போதுதான் ரெண்டும் இருந்துச்சி!"

அடிப் பாவி மகளே! அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொண்டுபோய்க் களி தின்ன வைக்கப் பார்த்தாள். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரைத் தட்டினார். மூன்று மணிக்கு டைனோசர் ஒன்றுகூட விற்கவில்லை. கேமராவை ஓட்டிப் பார்த்தார். டீ-ஷர்ட்டுகளுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, பைக்குள் என்னவோ செய்துகொண்டிருந்தாள் ஷீபா. அதைவிடத் திருட்டு முழியான முதுகை யாரும் பார்த்திருக்க முடியாது.

ஜான்சனுக்கு முகம் கறுத்தது. "என் பொண்டாட்டியப் பத்தி இன்னா நெனச்சிகினு கீற?" என்று ஒரு எகிறு எகிறினான். அதே வேகத்தில் சட்டைப் பைக்குள் கையைவிட்டு இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தான். "இந்தாய்யா, எடுத்துக்கோ. மானத்தோட வூடு போயி சேந்தா போதும்." அது கேஸ் சிலிண்டர் காசு. இந்த வருஷமும் விறகுதானா?

ஷீபா நோட்டையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டால் காசும் போகும், திருடி என்ற பெயரும் நிலைக்கும். திறந்தால் ஜெனிஃபருக்குத் தெரிந்துவிடும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவளுக்கு அந்த நிமிஷம் மெய்யாகவே தெரியவில்லை. ஆனால் ஐந்நூறு ரூபாய் நோட்டு சூப்பர்வைசர் கைப்பக்கம் நீளுவதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அத்த உள்ள வைங்க! நான் இங்க வாங்கல. வாலாஜாபாத் பஜார்ல வாங்கனேன். ரெண்டும் சேத்து நூத்தி முப்பது ரூபா. வூட்லருந்தே எடுத்துகினு வந்தேன்."

போனில் காசு அனுப்பிய கணக்கைத் திறந்து காட்டினாள். சுப்பிரமணி ஃபேன்சி ஸ்டோர், நூற்று முப்பது, போன சனிக்கிழமை. "இதுல டைனோசர்னு போட்டு இல்லியேம்மா" என்றார் சூப்பர்வைசர். ஷீபாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அங்கேயே நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு, மானாம்பதி அம்மாவா?" சுப்பிரமணியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "ஏம்மா, மறுபடியும் மாத்த வரியா? கத்தற சத்தம் பத்தலன்னு மூணு டைனோசர மாத்தி மாத்தி அமுக்கிப் பாத்துட்டு எடுத்துகினு போன. எரநூத்தி முப்பதுன்னு சொன்னத நூறு ரூபா கொறச்சி வுட்ட. இன்னும் இன்னாதான்மா வேணும் உனக்கு? பேஜார் பண்ணாத!"

கியூவில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். செக்யூரிட்டி பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசரும் சிரித்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா, மன்னிச்சிக்குங்க" என்று வழிவிட்டார். பின்னால் நின்ற ஒரு அம்மாள் கையில் வைத்திருந்த டைனோசரைச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, "அந்தக் கடை நம்பரு கொஞ்சம் குடும்மா" என்று கேட்டாள். இன்னும் நான்கு பேர் போனை எடுத்தார்கள்.

ஜெயித்த மிதப்பில் திரும்பினாள் ஷீபா. ஜெனிஃபர் ஹேர்பேண்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். லைட் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பொய் சாட்சி சொல்ல வெச்சிட்டியேம்மா" என்றாள். சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளையையும் மூச்சு விடாமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் அவள். "பஜார்ல வாங்கனதுன்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

அவ்வளவுதான். பஸ்ஸில் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். தானியேலுக்கு அந்த வருத்தமெல்லாம் இல்லை. வாலாஜாபாத் வரைக்கும் டைனோசரை உறுமவைத்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப என் இருநூறுல மீதி எங்கமா?" ஜான்சன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். ஷீபா முறைத்த முறைப்பில் இருமலும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ஷீபா சோற்றைப் போட்டுவிட்டு மகள் எதிரில் குந்தினாள். "தப்புதாண்டி. உங்ககிட்ட சொல்லியே வாங்கியிருக்கணும். இனிமே பொய்யே சொல்ல மாட்டேன், போதுமா?" ஜெனிஃபர் சோற்றைப் பிசைந்தாளே தவிர நிமிரவில்லை. பதினொரு வயதில் இத்தனை வீம்பு ஆகாது என்று ஷீபாவுக்குக் கோபம் வந்தது. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது. அழுகைதான் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பும்போது ஜெனிஃபர் தலையில் பட்டாம்பூச்சி இருந்தது. ஷீபா பார்த்தும் பார்க்காத மாதிரி தானியேலுக்குத் தலை சீவினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண் பிள்ளைகளெல்லாம் ஜெனிஃபரைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டாம்பூச்சியை மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஞானசுந்தரிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

"இது பஜார்ல கூட தொங்குதே. எங்க சித்தி பாத்துச்சி."

"அது வேற. இது பார்க்குல வாங்கனது" என்றாள் ஜெனிஃபர். "நானூறு ரூபா."

பத்தடி தள்ளி செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஷீபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றுதானே பொய் சாட்சிக்கு அத்தனை வீம்பு பிடித்தாள்!

"மெய்யாலுமா?" ஞானசுந்தரி விடுகிறவளா? நேராக ஷீபாவிடம் வந்து நின்றாள். "அத்த, இது பார்க்குலயா வாங்கனீங்க?"

அத்தனை பிள்ளைகளும் ஷீபாவைப் பார்த்தார்கள். ஜெனிஃபரும் பார்த்தாள். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் அம்மாவை நேருக்கு நேர் பார்க்கிறாள். காது நுனி சிவந்திருந்தது. உண்மையைச் சொன்னால் இத்தனை பேர் நடுவில் பெண்ணுக்கு மூக்கு உடைந்துவிடும். சொல்லாவிட்டால், இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன் என்று நேற்று சொன்னது காற்றோடு போச்சு. அதுவும் கோயில் வாசலில். ஆண்டவரே, கண்ணை மூடிக்கொள்ளும் என்று ஷீபா மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஆமாம்மா" என்றாள் ஞானசுந்தரியிடம். "பார்க்குலதான். நானூறு ரூபா. பில்லுதான் எங்கியோ தொலஞ்சி போச்சி."

ஞானசுந்தரி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் கலைந்தார்கள். ஜெனிஃபர் மெதுவாக வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனை வரைக்கும் நடந்தார்கள்.

"நீயும் எனக்கு பொய் சாட்சி சொல்லிட்ட" என்றாள் ஜெனிஃபர்.

"சொல்லிட்டேன்" என்றாள் ஷீபா.