சுத்தமான வீடு

சுவரில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, தடுக்க ஒரு காலண்டர்கூட இல்லை, சாம்பலில் பால் கலந்த மாதிரி சுண்ணாம்புச் சுவர், மாலை வெயில் படும்போது, சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம், இத்தனை வருஷம் பூப்போட்ட சோபாவில் கால்நீட்டிப் படுத்துக் குறட்டை விட்ட மனுசனுக்கு இந்த அழகு திடீரென்று எங்கிருந்து வந்தது. கரூரிலிருந்து புதுத் தறி பழகிக்கொள்ளக் கம்பெனி இவரை பெல்ஜியத்துக்கு அனுப்பியது, கெண்ட் என்ற ஊரில் ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருந்தார், திரும்பி வந்ததும் ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார், அம்மிணி, இனி ஊட்டச் சுத்தமா வெச்சுக்கோணும் என்றார், நான் விளக்குமாற்றை எடுத்தேன், அதில்ல என்றார். பிறகு ஷோகேஸ் போகிறது, தலையாட்டிப் பொம்மையும் பிளாஸ்டிக் ரோஜாவும் போகின்றன, சோபா போகிறது, பெயிண்டர் எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆணிய மட்டும் உட்டுரட்டுங்களா என்று கேட்கிறார், சுத்தமா எதுவும் வேண்டாங்க என்கிறார் இவர், அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் இன்னொரு முகம் எனக்குத் தெரிந்தது, சுத்தமாக மறந்துபோச்சு, சுத்தமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் நாமேதானே சொல்கிறோம். நாத்தனார் தெய்வாத்தா வந்து வாசலிலேயே நின்றுவிட்டார், ஏன் அம்மிணி, ஊடு தொடச்சு வெச்சாப்பல இருக்குது, காலி பண்றீங்களா, இந்தக் காரைச் செவுத்துக்கு பெல்ஜியம் போகோணுமாக்கும், எங்கப்பாரு மாட்டுக்கொட்டாயும் இப்படித்தான இருந்துச்சு என்றார், இவர் சிரித்தார், அங்கெல்லாம் பணக்காரன் ஊடே இப்படித்தாங்க்கா, இருக்கறத மறைக்கறதுலதான் அழகே இருக்குது என்றார், மறைக்கிறது என்ற சொல் முள்ளாய்த் தைத்து என்னிடம் நின்றுவிட்டது.

அந்தக் கெண்ட் வீட்டுப் படத்தை இவர் போனில் வைத்திருக்கிறார், ஒரு மேசை, ஒரு மண் கிண்ணம், தரைவரை தொங்கும் கசங்கிய லினன் திரை, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மழை, நான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுகிறேன், ஒரு ஹேர்பின், ஒரு செருப்பு, கிண்ணத்து விளிம்பில் கொஞ்சம் உதட்டுச்சாயம், திரையை அப்படிக் கசங்கவிட்டு அழகு பார்க்க ஆம்பளைக்குத் தோன்றுமா, கனவில் அந்த வீட்டுக்குள் நானே நடக்கிறேன், திரைக்குப் பின்னால் யாரோ மூச்சுவிடுகிறார்கள், விலக்கினால் எங்கள் ஹால், குளுகுளுவென்று, வெறுமையாக, எனக்கே பிடித்துப்போகிறது, விழித்ததும் பிடித்ததற்காக என்மேலேயே கோபம் வருகிறது. போன வாரம் நாற்காலி வந்தது, ஓக் மரம், ஒன்றே ஒன்று. இன்னொண்ணு எப்பங்க வரும் என்றேன், ஒண்ணு போதும் அம்மிணி, ரெண்டு போட்டா கண்ணுக்குப் பாரம் என்றார், அப்போது நான் எங்கே உட்காருவது என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன், இவர் போகப்போகிறார், அல்லது என்னைப் போகச் சொல்லப்போகிறார், யாரோ ஒருத்தி அந்த ஊரில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு நிச்சயமாகிவிட்டது.

இன்றைக்குக் கேட்டுவிட்டேன், இவர் நாற்காலியில், நான் காப்பி டம்ளரோடு ஜன்னலோரம், ஏனுங்க, அந்த ஊட்ல உங்ககூட யாரு இருந்தாங்க. திரும்பிப் பார்த்தார், முகத்தில் திருட்டுத்தனம் இல்லை, இத்தனை வருஷம் பார்த்த முகம் எனக்குத் தெரியாதா, யாருமில்ல அம்மிணி, ஒரு வருசமும் சுத்தமா யாருமில்ல, கதவச் சாத்துனா அப்படியொரு நிம்மதி என்றார், சொல்லும்போதே குரல் கரைந்தது, அப்படி ஏங்கி என் பேரை இவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருத்தி இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன், யாருமே இல்லாததோடு நான் எப்படிச் சண்டை போடுவது, டம்ளர் கையில் ஆறிக்கொண்டிருக்கிறது, வெயில் சுவரின் உச்சிவரை ஏறிவிட்டது, இவர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மிணி, கொஞ்சம் தள்ளி நில்லு, செவுத்துல உன்ற நெழலு உழுகுது என்கிறார், கோபமாக இல்லை, பிரியமாகத்தான்.