தடத்தோரத்து வயர்

ஆய்வுக்கூடத்தின் பின்கொட்டகையில் ஒரு லாரிச் சக்கரம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாகப் போட்ட தார்ப் பாதையின் மேல் போகும், வரும். கோடைச் சாலை போலப் பாதையைச் சூடேற்றி வைத்து, பாரம் ஏற ஏற எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. ஒரே இடத்தைப் போட்டு அழுத்திக்கொண்டே இருப்பதால் சக்கரத்துக்கு மாமியார் என்று பேர். பேர் வைத்தவர் அந்தச் சோதனையை நடத்தும் ஆய்வாளரம்மாவின் கணவர். அவரும் அங்கேதான் வேலை பார்த்தார்; அங்கேயேதான் செத்தும் போனார்.

அநியாயச் சாவு. தாரின் சூட்டை அளக்கும் வயர் ஒன்று தடத்தோரத்தில் கழன்றுவிட்டது. சக்கரத்தை நிறுத்தினால் ஓய்வு கிடைத்த தார் தேறி, பள்ளம் கொஞ்சம் மேலெழும்பிவிடும். பல வாரத்து அளவுகள் பாழ். அதனால் சக்கரம் அந்தக் கோடிக்குப் போகும் இடைவெளியில் வேலி தாண்டிக் குதித்து டேப் போட்டு ஒட்டிவிட்டு வருவது எல்லோருக்கும் வழக்கம். "நிறுத்திடாத, இதோ வந்துட்டேன்" என்றார். நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்ற மனைவியும் நிறுத்தவில்லை. இளகிய தாரில் செருப்பு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வேலியை உயர்த்தினார்கள், எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். வழக்கம் மட்டும் போகவில்லை, அது எங்கே போகும்!

சில மாதம் கழித்து ஒருநாள் வயர் கழன்றது. அவள் யாரையாவது கூப்பிடத் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது ஒட்டியிருந்தது. டேப்பின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அப்படி மடிப்பவர் அவர் ஒருவர்தான். அன்று முழுக்க அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பயம் எத்தனை நாளைக்கு? போகப்போக அது ஏக்கமாகிவிட்டது. வேலிக்கு வெளியே நின்றபடி கம்பால் நெம்பி வயரைக் கழற்றிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திரும்பிப் பார்த்தால் மூலை மடித்த டேப். மனசு குளிரும்.

அன்றும் நெம்பிவிட்டுத் திரும்பி நின்றாள். முன்பக்கப் பட்டறையிலிருந்து கொழுந்தன் வந்தான். அவன் அங்கே மெக்கானிக்.

"அண்ணி, வயர் கழண்டு கிடக்கு பாருங்க."

"விடு தம்பி, அது வந்து..."

அதற்குள் அவன் வேலியில் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டுவிட்டான். "நிறுத்திடாதீங்க, இதோ வந்துட்டேன்."

அண்ணன் குரல் அப்படியே. சக்கரம் கோடியில் திரும்பிக்கொண்டிருந்தது. தடத்தோரத்தில், அனல் நெளியும் இடத்தில், யாரோ குந்தியிருந்தார். தலை நிமிர்ந்து அவளையே பார்த்தார். அவள் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

சக்கரம் முனகிக்கொண்டு நின்றது.

"எல்லா அளவும் போச்சே அண்ணி!"

"போய்த் தொலையட்டும். நீ முதல்ல வெளியே வா."

வயர் கிடந்தபடியே கிடந்தது. தார் ஆறும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள். யாரும் வரவில்லை. சக்கரம் நின்றபின் அவருக்கு அங்கே என்ன வேலை?

"மறுபடி ஓட்டட்டுமா அண்ணி?"

ஓட்டினால் வருவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பொத்தானைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. பாதையைப் பேத்து எடுத்துடு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.