பத்தடி தள்ளி நின்று

மாமாவின் லாரி இன்ஜினைப் பிரித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பேரிங்குகளின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு பல்லிளித்தது. அவற்றில் சுழலும் கிராங்க் தண்டில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். இந்தக் கதிக்கு வர வேண்டுமென்றால் இன்ஜின் மாதக்கணக்கில் டக் டக்கென்று அடித்திருக்க வேண்டும்.

"ஏன் மாமா, தெருவுக்கே கேட்டிருக்குமே இந்தச் சத்தம்! காதுல பஞ்சு வெச்சுக்கிட்டா ஓட்டினீங்க?"

அவர் சிரித்தார். "ஆமா மாப்ள, நல்ல ஆயில்தான் ஊத்தினேன்."

செவிடன் காதில் ஊதின சங்கு என்று முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மாமா என் அக்கா வீட்டுக்காரர். முப்பது வருஷ டிரைவர். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது இந்த ஒரு லாரிதான். புது கிராங்க் வாங்க வழியில்லை. பழையதையே லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து, அதற்கேற்ற பேரிங் போட்டேன். பிஸ்டன்கள் பழசு, ரிங் மட்டும் புதுசு. வால்வுகளை நானே கையால் உரசி உட்கார வைத்தேன். மாமா பத்து நாளும் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் டீசலில் கழுவினார். முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டால் மட்டும் பதில் வராது. நான் திட்டியதில் ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் இன்ஜின் ஒரே சுற்றில் எடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா வழக்கம்போலப் பத்தடி தள்ளிப் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். எந்த இன்ஜினையும் அப்படித்தான் கேட்பார். அவர் தலையாட்டினால்தான் பாதி டிரைவர்கள் என் பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுப்பார்கள்.

எண்ணெய் அளவு பார்ப்பதற்காக இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். மாமா கண்ணைத் திறக்கவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கமா ஓடுது மாப்ள," என்றார். "ஒரு பிசிறு இல்ல."

பஞ்சு என்று சொன்ன என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். அவர் கண் திறப்பதற்குள் மறுபடி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் திறந்துவிட்டார். சுற்றாமல் நின்ற இன்ஜின் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா மாமா?"

என் வாயையே பார்த்தார். "ரெண்டு வருஷம் இருக்கும். மொதல்ல ஒரு காதுதான்."

சாவி என் பையில் இருந்தது. இனி எந்த நெஞ்சோடு அதை அவரிடம் கொடுப்பேன்? கொடுக்காமல் போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாவிய நீயே வெச்சுக்கோ. நான் கேக்க மாட்டேன்." குரல் உடைந்தது. "உங்கக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்டா. தாங்க மாட்டா."

டீ ஃபிளாஸ்க்கோடு அக்கா அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை.