அணையாத கற்பூரம்

1931ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் யாழ்ப்பாணத்து அரியாலையில் பூரணம் என்பவள் வைரவர் கோவிலில் சத்தியம் செய்து கையால் அடித்த கற்பூரம் அணையவில்லை. அது அவளுடைய உள்ளங்கையில் ஏறி அவளோடு வீட்டுக்கு வந்தது. அந்த மாதம் வெங்காயத்துக்கு நல்ல விலை இருந்தது.

வழக்கு கிணற்றடியைப் பற்றியது. தகப்பன் கண்ணை மூடியபின் தமையன் மார்க்கண்டர் வேலியைத் தள்ளி அடைத்துக் கிணற்றைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். விதவையான பூரணத்துக்கு ஒரே மகள் பத்மாவதி. தண்ணீரில்லாத காணியை யார் சீதனமாக ஏற்பார்கள்? எழுத்தும் இல்லை, கண்ட சாட்சியும் இல்லை. பூரணம் கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் கிணறு அவளுக்கு என்று இரு பக்கமும் நீதிபதி முன் ஒப்புக்கொண்டன. அவளோ தகப்பன் எல்லைக்கல் நட்டதைப் பார்த்தவள் அல்ல, தாய் சொல்லக் கேட்டவள். “தெரிஞ்சதைச் சொல்லுறதுதான் சத்தியம், பயப்பிடாதையும் பிள்ளை” என்றார் அவளுக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார். கோவில் பூசாரி தலையை ஆட்டினார். “அது கோட்டிலை, நீதிபதிக்கு முன்னாலை. இஞ்சை சத்தியம் எண்டால் நடந்தது. நடவாததைச் சொன்னியெண்டால் பிள்ளையிலைதான் விடியும்.”

அந்தச் சொல் நெஞ்சில் கிடக்கத்தான் அவள் கற்பூரத்தை அடித்தாள். சுவாலை கைக்கு ஏறியதும் சனம் பின்வாங்கியது. “அணையுதில்லையெடி! வைரவருக்கே உன்னிலை ஐமிச்சம், அவரும் உன்னை நம்பேல்லை!” என்று சிரித்த மார்க்கண்டருக்கு வீடு போய்ச் சேருமுன் சால்வை வியர்வையில் நனைந்துவிட்டது. கற்பூரம் அணையாதபடியால் சத்தியம் முடியவில்லை என்று நீதிபதி வழக்கைத் தவணை தவணையாகத் தள்ளிவைத்தார்.

மூன்று வருடம் பூரணம் ஒற்றைக் கையால் சமைத்தாள், ஒற்றைக் கையால் மகளுக்குத் தலை இழுத்து வாரிவிட்டாள். சுவாலை சுடவுமில்லை, தண்ணீரில் அமிழ்த்தினாலும் போகவுமில்லை. பத்மாவதி இருமினால் மட்டும் அது அவள் இருக்கும் திசைக்குச் சாய்ந்தது. பிள்ளை சிரித்தால்கூடத் தாய் முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள்.

பிறகு பத்மாவதிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. சுவாலை ஒரு முழம் நீண்டு பாயின் விளிம்பை நக்கியது. பூரணம் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலைவிரி கோலமாகத் தமையன் வீட்டுப் படலைக்கு ஓடினாள்.

“அண்ணை, எனக்குத் தெரியாது. ஐயா எங்கை கல்லு நட்டவர் எண்டு நான் காணேல்லை. கிணத்தை நீங்களே எடுங்கோ, என்ரை பிள்ளை போகப்போறாள்!”

மார்க்கண்டர் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார். அவருடைய கண் அவள் நீட்டிய கையிலிருந்து அசையவில்லை.

“நானும் காணேல்லையடி” என்றார்.

சுவாலை அவளுடைய கையைவிட்டு இறங்கி, புழுதியில் தத்தித் தத்திப் போய், கிணற்றடி வேலியில் நட்டிருந்த ஒரு பூவரசங் கதியாலில் ஏறி இருந்துகொண்டது. அன்று பின்னேரம் பத்மாவதி கஞ்சி கேட்டாள்.

மார்க்கண்டர் வேலியைக் கிணற்றின் நடுவுக்கு மாற்றி அடைத்தார். இரு வீட்டாரும் இரு பக்கத்தாலும் அள்ளினார்கள். வேலி அடைக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கதியாலடியில் மட்டும் ஓலையைச் சற்று விலக்கிக் கட்டுவார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நெருப்புப்பெட்டி கிடைக்காதபோது ஊர் சுருட்டுப் பற்றவைத்ததும், பத்மாவதியின் கலியாணத்துக்கு அடுப்பு மூட்டியதும் அதில்தான். பூரணம் மட்டும் தண்ணீர் அள்ளப் போகையில் அந்தக் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள்.