அன்ரனெற் உயர்த்திய விரல்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வெட்கம். அன்ரனெற் அக்காவைப் புகழ்ந்து எழுதினால் என் பங்கு அதற்குள் மறைந்துபோகும் என்று நினைத்தேன். முதல் வரி இப்படி இருந்தது: ‘கனடாவின் ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலை நூலகத்தின் பேரமைதியில்…’

(வெட்டிவிட்டேன். அங்கே அமைதியே கிடையாது. முதலாம் வகுப்பு வந்தால் சுறாப் படப் புத்தகத்துக்கு அடிபாடு.)

2

மறுபடி. நூலகர் அன்ரனெற் மன்னாரில் பிறந்தவர், வயது ஐம்பத்திரண்டு. எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டது என்பது அவருக்குத் தெரியும். திரும்பிவரும் புத்தகங்களுக்குள் அகப்படுபவற்றை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டுவைப்பார்: தலைக்கிளிப், காய்ந்த றொட்டித் துண்டு, ஒருமுறை ஒரு பால்பல். பல்லுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஆவென்று வாய் திறக்கவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிரிக்கெட் நடுவர். வெள்ளைத் தொப்பி, பந்துகளை எண்ணப் பைக்குள் ஆறு கூழாங்கற்கள். எங்கள் லீக்கில் அவர் ஒருவர்தான் பெண் நடுவர்.

[நூலகரையும் நடுவரையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பந்தி இருந்தது. அழகான பந்தி. அதில் அன்ரனெற் இல்லை, நான்தான் இருந்தேன்.]

3

செப்ரெம்பரில் இறுதிப் போட்டி. எதிரணியின் ராகுலன் நாற்பத்தாறு ஓட்டங்களோடு நின்றார்; அவர்கள் வெல்ல இன்னும் ஒன்பது, கையில் ஒரே ஒரு விக்கெட். பந்து அவருடைய மட்டையில் உரசி, பிறகு காலில் பட்டது. மட்டையில் பட்டிருந்தால் அது அவுட் இல்லை. விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற எனக்கு அந்த மெல்லிய சத்தம் தெளிவாகக் கேட்டது. கேட்டும், இரண்டு கைகளையும் உயர்த்தி அவுட் கேட்டுக் கத்தினேன்.

அன்ரனெற் சற்று யோசித்து, அவுட் என்று விரலை உயர்த்தினார். கிண்ணம் எங்களுக்கு.

அன்று பின்னேரம் வாட்ஸ்அப்பில் யாரோ அந்தப் பந்தின் வீடியோவைப் போட்டார்கள்; மட்டையில் உரசுவது அதில் தெரிந்தது. அவரும் பார்த்தார்.

4

அடுத்த நாள் மூன்றாம் வகுப்பு நூலகத்துக்குப் போனது. என் மகள் துவாரகாவும் ராகுலனின் மகள் சாம்பவியும் அந்த வகுப்பில்தான். சாம்பவி புத்தகம் எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம்.

“மிஸ், நீங்கள்தானே என்ர அப்பாவை அவுட் ஆக்கினது? ஹீ வாஸ் நொட் அவுட்!”

(இங்கே அன்ரனெற் பேச்சை மாற்றுவதாக எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாகவே வந்தது, நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன்.)

“ஓம், சாம்பவி. அப்பா அவுட் இல்லை. நான் பிழை விட்டனான்.”

“அப்ப கப்பைத் திருப்பிக் குடுப்பீங்களோ?”

“அது என்ர கையில இல்லையம்மா. பிழையைச் சொல்லுறது மட்டும்தான் என்ர கையில.”

சொன்னபடியே லீக்குக்குத் தன் பெயரில் கடிதம் எழுதினார். அடுத்த பருவத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு அவரை நிறுத்திவைத்தார்கள். ராகுலனையும் அழைத்து மன்னிப்புக் கேட்டார். “அதுக்குப் பிறகு எங்கட மட்ச்சுக்கு நீங்கள்தான் நிக்கவேணும், அக்கா” என்றாராம் ராகுலன்.

5

போன வெள்ளி துவாரகாவை அழைத்துவரப் போனபோது நூலகத்துக்குள் எட்டிப்பார்த்தேன். அன்ரனெற் கிழிந்த பக்கமொன்றுக்கு ரேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, எனக்கு அண்டைக்குச் சத்தம் கேட்டது.”

அவர் நிமிரவில்லை. “தெரியும். வீடியோவில உம்மட முகத்தைப் பார்த்தனான்.”

“பிறகேன் கடிதத்தில எழுதேல்லை?”

“அது உம்மட பிழை. அதை நான் எப்பிடி எழுதுறது?”

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் ராகுலன் சிரித்து என் தோளில் தட்டுகிறார். மற்றதில் கதவை அறைந்து சாத்துகிறார், நான் பனியில்… இரண்டிலும் நான் நல்லவனாகத் தெரிந்தேன். கிழித்துப்போட்டேன்.

நேற்று மத்தியானம் ராகுலன் வீட்டு மணியை அடித்தேன். சாம்பவி திறந்தாள்.

“அப்பா நிக்கிறாரோ?”

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். அவர் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

இதற்குப் பிறகு நான் சொன்னது அவருக்குச் சேரவேண்டியது. வாசகரே, உங்களுக்கு அல்ல.