பொட்டுக்கு இடப்பக்கம்

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்குக் கோபம் வந்தால் நியாயம் அநியாயம் தெரியாது. அன்று வாசலில் செருப்பை உதறிய சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆலையின் கைத்துப்பாக்கி சுடும் அணியில் இந்த வருஷமும் இடமில்லை.

"எல்லா குண்டும் இடப்பக்கமே போச்சு. உங்க அண்ணன் வேலைதான். எனக்கு முன்னாடி அதே துப்பாக்கில அவன்தான் சுட்டான். குறி பாக்குற திருகைத் திருப்பி வுட்டுட்டான்."

கஜபதி என் ஒரே அண்ணன். ஆவடியில் அதே ஆலையில் என் வீட்டுக்காரரோடு காவல் வேலை. அணியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

"இன்னாய்யா பேசறே? அண்ணன் அப்படிப்பட்டவனா?"

"எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேன். திருட்டுப் பயலே, இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் என் மகள் யார் மடியில் உட்காருவாள்?

"உங்க சித்தப்பா மவன் இல்ல?" என்றார்.

"கூடப் பொறந்தவன் உசிரோட கீறப்போ வேற மடி தேடுவியா? த்தூ!" என்றேன். அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை.

மனுஷன் சோம்பியிருந்து தோற்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். உயிரைக் கொடுத்துப் பழகினார், அதுதான் வயிற்றெரிச்சல். துப்பாக்கியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் தினமும் விடியலில், சேக்காட்டு வாடகை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் சிமெண்ட் தளத்தில் நின்று என் இஸ்திரிப் பெட்டியை வலது கையில் மட்டும் நீட்டிப் பிடிப்பார். எதிரே மதில் சுவரில் என் சாந்துப் பொட்டு. பாதம் வைக்கும் இடத்தைக் கரியால் வரைந்திருந்தார். பொட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, கண்ணை மூடிக் கையைத் தூக்குவார். திறந்தால் பெட்டியின் மூக்கு பொட்டில் நிற்கும்.

"ஒடம்பு தானா அங்க போய் நிக்கணும் வசந்தா. கை தேடிக்கினு போவக்கூடாது" என்பார்.

சனிக்கிழமை, மறுநாள் விசேஷத்துக்காக அந்தத் தளத்தைக் கழுவினேன். கொட்டிய தண்ணீர் கரிப்பாதத்தின் விரல் பக்கமிருந்து குதிகால் பக்கமாக ஓடிச் சாக்கடை ஓட்டையில் விழுந்தது. தண்ணீர் தேங்கக்கூடாதென்று கொத்தனார் வைத்த சரிவு. அட பாவி மனுஷா, இங்கேயா நின்று பழகினாய் என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டேன்.

"யோவ், இங்க வா. நில்லு."

கரிப்பாதத்தில் நின்று கண்ணை மூடிப் பெட்டியைத் தூக்கினார். பொட்டில் நின்றது. கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். அங்கே, சுடும் இடத்தைப் போலவே, சமதரை. சாந்தைத் தொட்டுச் சுவரில் ஒரு பொட்டு வைத்தேன். மூடினார், தூக்கினார், திறந்தார். இடப்பக்கம். மறுபடி தூக்கினார். மறுபடியும் இடப்பக்கம். சரிவில் பின்னால் விழாமலிருக்க, விரல்களில் ஊன்றி முன்னால் சாய்ந்தே பழகிய உடம்பு, சமதரையிலும் அப்படியே சாய்ந்தது. வலது கையை நீட்டிப் பக்கவாட்டில் நிற்பவருக்கு முன்பக்கம்தான் பொட்டுக்கு இடப்பக்கம்.

இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானேதான் கெடுத்துக்கினேனா?"

"குண்டு தப்பிப் போனதுக்குத் தளம் காரணம். வாய் தப்பிப் போனதுக்கு இன்னா காரணம்? போய் என் அண்ணனைக் கூட்டிக்கினு வா."

திருநின்றவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேறிப் போனார். காலில் விழப்போனவரை அண்ணன் தடுத்துவிட்டானாம். "கொயந்தைக்காக வரேன் மாப்ள. நீ போ" என்றானாம். எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

சொன்னபடியே வந்தான். பட்டுப் பாவாடை, தங்கக் கம்மல், தட்டு நிறையப் பழம், ஒரு குறையில்லை. பாப்பாவை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆசாரி குத்தியபோது அவள் வீறிட்டாள். அவனுக்கும் கண் கலங்கியது.

பந்தியில் முதல் இலை அண்ணனுக்குப் போட்டேன். என் வீட்டுக்காரரே சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றார்.

"உக்காரு மச்சான்."

அண்ணன் உட்காரவில்லை.

"மாமன் செய்ய வேண்டியது செஞ்சிட்டேன் மாப்ள. திருட்டுப் பயன்னு சொன்ன ஊட்ல கை நனைக்க மாட்டேன்."

"அண்ணே!" என்று வாசல்வரை ஓடினேன். என் தலையைத் தொட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வந்தேன். அவர் கரண்டியோடு அங்கேயே நின்றிருந்தார். தண்ணீர் தெளித்த இலை அப்படியே கிடந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.