வைக்காத கல்

கோமதிநாயகம் லாரியில் ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்கைத் தேடுவதற்கு முன்னால் கை ஹார்னைத் தேடிவிடும். தாராவித் தோல் கிடங்கிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகிற லாரி. ரப்பர் பந்து வைத்த பெரிய பித்தளை ஹார்ன். அமுக்கினால் எருமைகூட ஒதுங்கும் என்று பெருமையடிப்பார். எருமை ஒதுங்குவது தன்னுடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிற ரகம்.

நாற்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம். மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. சயான் பாலத்து ஏற்றத்தில் அவருக்கு முன்னால் ஒரு கைவண்டி இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. முன்னால் இழுத்தவன் சுயம்பு. பின்னால் தள்ளியவள் அவன் பெண்டாட்டி ஆறுமுகத்தாய். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கோமதிநாயகத்துக்கு அடுத்த வரிசைக்காரர்கள்தான். முதுகை மட்டும் பார்த்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் காத்திருப்போமா என்பது பிற்பாடு அவரை அரித்த கேள்வி.

ஏற்றத்தில் பாரவண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூச்சு முட்டும்போது இழுக்கிறவன் "கல்லு" என்பான். தள்ளுகிறவள் தோளால் வண்டியைத் தாங்கிக்கொண்டே சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைப்பாள். அவன் நாலு மூச்சு விட்டுக்கொள்வான். பின்னால் வருகிற வண்டி அதுவரை சும்மா நிற்க வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அந்தப் பாலத்தில் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும், கோமதிநாயகத்துக்கும் தெரியும்.

சுயம்பு "கல்லு" என்றான். அவள் குனிந்தாள். கோமதிநாயகம் ஹார்ன் பந்தை அமுக்கினார்.

அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். கல் கையிலேயே இருந்தது. வண்டி பின்னால் நழுவ, அவள் ஒதுங்கிவிட்டாள். அது சுயம்புவுக்குத் தெரியாது. கையை விட்டால் வண்டி அவள்மேல் ஏறும் என்று விடாமல் பிடித்தான். ஈரத்தில் வழுக்கி வண்டியோடு இழுபட்டான். அவனுடைய வலது கால் பாலத்துச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே சிக்கியது.

கோமதிநாயகம்தான் குதித்து ஓடினார். வண்டியை நகர்த்தி, ஆளைத் தோளில் தூக்கி, லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டிக்காரன் அஜாக்கிரதை என்று போலீஸ் ஹவில்தார் எழுதிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கும்படி ஆயிற்று. கேம்ப் முழுக்க ஒரே பேச்சு: கோமதிநாயக அண்ணாச்சி தங்கமான மனுஷன், அவர் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும். ஹார்னைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பாலத்தில் நாள் முழுக்க ஹார்ன் சத்தம்தான், அதை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

ஆனால் கல்லைக் கணக்கில் வைத்தார்கள். குழாயடியில் ஆறுமுகத்தாய் குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் காலைத் தின்றவள் என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

ஒருநாள் அவள் கோமதிநாயகத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க பின்னாலதான வந்திய. நான் எதுக்குத் திரும்புனேன்னு பாத்தியளா? எனக்கு நெனப்பே இல்ல. ஆயிரம் தடவ வச்ச கல்லு. அன்னைக்கு மட்டும் ஏன் வைக்கலன்னு ராவெல்லாம் யோசிக்கேன்."

உண்மை அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே தங்கமான மனுஷன் என்ற பேரும் வந்து குறுக்கே நின்றது.

"மழையில சரியாத் தெரியல தாயி," என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ஹார்ன் அடித்தது ஒரு நொடிப் புத்திகெட்டதனம். இது அப்படியில்லை, தெரிந்தே செய்த பாவம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறுமுகத்தாய் கஞ்சித் தூக்கோடு கட்டில் ஓரத்தில் நின்றாள். சுயம்பு அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான்.

"சனிக்கெழமை இவ அண்ணன் வாரான் அண்ணாச்சி," என்றான். "ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். ஒரு கல்ல வைக்கத் தெரியாதவள நம்பி இனி நான் எப்படிக் காலந்தள்ள?"

கோமதிநாயகம் மாடியிலிருந்து இறங்கி வந்து லாரியைக் கிளப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் கக்கத்தில் கட்டை ஊன்றிய ஒருவன் குறுக்கே மெதுவாகப் போனான். கை தன் பாட்டுக்குப் போய் ஹார்ன் பந்தைப் பிடித்துவிட்டது. அதைப் பார்த்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். லாரியை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பவும் மாடியேறினார்.

"சுயம்பு, அவமேல தப்பில்ல. அவ கல்ல வைக்கத்தான் குனிஞ்சா. நான் ஆரன் அடிச்சேன், அவ முதுகுக்கு நேரா. அதுலதான் பதறித் திரும்புனா. அன்னைக்கு வாசல்ல வந்து கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

ஆறுமுகத்தாய் தூக்கைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். அவளோ நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

"அப்பிடி என்ன அவசரம் அண்ணாச்சி? லாரியில யாரும் புள்ளத்தாச்சி இருந்தாளா?"

"இல்ல தாயி."

"துறைமுகத்துல நேரமாயிட்டா?"

"நேரம் இருந்துச்சி."

"பெறகு?"

அவர் மூன்று வாரமாகத் தேடிப் பார்த்தார். ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"சும்மாதான் அடிச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடந்த நாளிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சுயம்பு கையை ஊன்றி மெல்ல அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். கோமதிநாயகம் அங்கே நிற்பதையே அவன் மறந்துவிட்டான் போலிருந்தது.

"ஏளா," என்றான். "அந்தக் கல்லு எங்க?"

"வீட்டுலதான் இருக்கு."

"தூரப் போட்டுராத. வண்டிய இனி யாரு இழுத்தாலும் நீதான் வைக்கணும்."

அவள் தூக்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். கோமதிநாயகத்தை இரு என்றும் ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.